ஊருக்கு வேண்டாத திட்டம் வந்தால்: கிராமத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்குவாரி, சிப்காட் தொழிற்பேட்டை, எண்ணெய்க் கிணறு, விமான நிலையம், சுரங்கம், குப்பைக் கிடங்கு என்று வருவது எதுவாக இருந்தாலும் ஊர்க்காரர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து எழுதப்பட்டவை. வக்கீலைப் பார்க்கப் போகும் முன் ஒருமுறை படித்துவிட்டுப் போனால் அவருடைய நேரமும் மிச்சம், உங்கள் நேரமும் மிச்சம்.

ஊருக்கு ஏதோ கம்பெனி வருகிறதாம். உண்மையா, வதந்தியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் அறிகுறி காகிதத்தில் வராது. வெளியூர் பதிவெண் கொண்ட வண்டி நாலு நாள் சுற்றும். மேய்க்கால் புறம்போக்கில் யாரோ அளவு பிடிப்பார்கள். கேட்டால் "சும்மா சர்வே" என்பார்கள். பத்து வருஷமாக விலை போகாத மேட்டு நிலத்துக்குத் திடீரென்று புரோக்கர் வருவார். இதில் இரண்டு சேர்ந்து நடந்தால் விசாரிக்கத் தொடங்கிவிடுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியரையும் நேரில் கேளுங்கள். தெரியாது என்று சொன்னாலும் கேட்டது பதிவாகட்டும். சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டம் என்றால் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம் ஏறியிருக்கும். மாவட்டம், வட்டம், ஊர்ப்பெயர் போட்டுத் தேடலாம். படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளை ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். "ஏன் இந்தத் திட்டம்?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. "இன்ன சர்வே எண்கள் தொடர்பாக உங்கள் அலுவலகத்துக்கு வந்த கடிதங்கள், குறிப்புகள், வரைபடங்களின் நகல்" என்று கேளுங்கள். ஒரே மனுவை ஆட்சியர் அலுவலகம், கனிமவளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றுக்கும் தனித்தனியே போடுங்கள். ஒரு அலுவலகம் மறைப்பதை இன்னொன்று அப்படியே நகலெடுத்து அனுப்பிவிடும், அவ்வளவு ஒருங்கிணைப்பு அவர்களுக்குள்.

எந்தச் சட்டத்தில் நிலம் எடுக்கிறார்கள் என்பது அவ்வளவு முக்கியமா? எப்படியும் எடுக்கத்தானே போகிறார்கள்?

அதுதான் முதலில் தெரிய வேண்டிய விஷயம். உங்களுக்கு என்ன உரிமை உண்டு, எத்தனை நாள் அவகாசம் என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, தனியார் நிறுவனத்துக்காக என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் முன்சம்மதம் வேண்டும். அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டம் என்றால் 70 சதவீதம். அரசே தனக்காக எடுத்தால் சம்மதம் தேவையில்லை. ஆனால் சமூகத் தாக்க மதிப்பீடு நடக்க வேண்டும். முதல்கட்ட அறிவிப்பு வந்த பிறகு ஆட்சேபணை சொல்ல 60 நாள் உண்டு.

நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மாநில அரசு 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, தன்னுடைய மூன்று சட்டங்களை 2013 சட்டத்தின் நடைமுறைகளிலிருந்து விலக்கிக்கொண்டது. அவற்றில் நமக்கு அடிக்கடி தட்டுப்படுபவை 1997-ஆம் ஆண்டு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தல் சட்டமும் 2001-ஆம் ஆண்டு மாநில நெடுஞ்சாலைகள் சட்டமும். சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் இந்த விலக்கு செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசு புதுச் சட்டம் போட்டு மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும்போது "80 சதவீதம் பேர் சம்மதிக்கவில்லையே" என்ற வாதம் எடுபடாது. இது தெரியாமல் மாசக்கணக்கில் சம்மத மறுப்புக் கடிதம் வாங்கி அலைகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் அது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். நிலம் எடுக்கப்போவதைச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணை தந்தாக வேண்டும். பத்திரிகையின் மூலையில் பொடி எழுத்தில் சர்வே எண் பட்டியலாக வரும். அதைப் பார்க்காமல் விட்டால் 21 நாள் போனதே தெரியாது.

2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டப் பகுதிக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் வந்தாலும் நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க வழிசெய்கிற சட்டம் இது. கண்மாய்ப் பாசன ஊர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நோட்டீஸ் வீட்டுக்கே வந்துவிட்டது. வாங்கலாமா, வாங்காமல் திருப்பி அனுப்பலாமா?

வாங்குங்கள். வாங்க மறுத்தாலும் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, உங்களிடம் கொடுத்துவிட்டதாகக் குறித்துக்கொள்வார்கள். வாங்கிய தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆட்சேபணையை ஊருக்கே ஒரே மாதிரி அச்சடித்துப் பெயர் மட்டும் மாற்றிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அதில் பலன் குறைவு, ஒரே வரியில் தள்ளுபடி செய்ய அதிகாரிக்கு வசதியாகிவிடும். கிணறு எத்தனை அடி, மோட்டார் எத்தனை குதிரைத்திறன், இலவச மின் இணைப்பு எண் என்ன, எத்தனை தென்னை, எத்தனை பலா, எந்த வருஷம் வைத்தது, பாதை எந்தப் பக்கம், நிலம் போனால் மிச்ச நிலத்துக்குத் தண்ணீர் எப்படிப் போகும் என்று ஒவ்வொருவரும் தன் நிலத்தைப் பற்றித் தானே எழுதட்டும். நேர் விசாரணைக்கு அழைத்தால் போய்ச் சொல்லுங்கள். சொன்னதை எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

எனக்கு நிலமே இல்லை. கூலி வேலைக்குப் போகிறேன். இதில் எனக்கு ஏதாவது பேச்சு உண்டா?

உண்டு. 2013 சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்றால் பட்டாதாரர் மட்டுமில்லை. நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், விளைச்சலில் பங்குக்கு உழுகிறவர்கள் எல்லாரும் அதில் வருகிறார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசவும் பட்டா தேவையில்லை.

போராட்டக் குழுக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல ஊர்களில் குழுவில் உட்காருபவர்கள் எல்லாம் நிலக்காரர்கள், காலனிக்காரர்கள் பந்தலில் கூட்டம் காட்டுவதற்கு மட்டும். கம்பெனி முதலில் வேலை வாய்ப்பு நோட்டீஸ் கொடுப்பது அந்தத் தெருவில்தான். அங்கே ஆளுக்கு நியாயமாக ஒரு கோபம் இருக்கும்: இத்தனை வருஷம் கூலியைக் கூட்டிக் கேட்டபோது வராதவர்கள் இப்போது ஊர் ஒற்றுமை பேசுகிறார்களே என்று. அதற்குப் பதில் சொல்லாமல் ஒற்றுமை வராது.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் திட்டம் நின்றுவிடுமா?

தானாக நிற்காது. இதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுவது நல்லது.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் கிராம சபை சொன்னதுதான் கடைசி வார்த்தையாக நின்றது. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகள் முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டோங்ரியா கோந்து மக்கள் வாழும் அந்த மலையில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. ஆனால் அது வன உரிமைச் சட்டத்தின் பலம், பழங்குடிப் பகுதி என்ற பலம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி (அரசமைப்புச் சட்டம் தனிப் பாதுகாப்பு தரும் பழங்குடிப் பகுதி) என்று ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. காட்டு நிலம் சம்பந்தப்பட்டால் இங்கும் வன உரிமைச் சட்டத்தை எடுக்கலாம். சமவெளி ஊர்களில் கிராம சபைத் தீர்மானம் என்பது ஊரின் கருத்து, அவ்வளவுதான். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரத்தில் எத்தனையோ கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகும் 2025-இல் ஒன்றிய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் வந்தது.

அப்படியென்றால் எதற்குப் போட வேண்டும்? நீதிமன்றத்தில், தீர்ப்பாயத்தில், சட்டமன்றத்தில், பத்திரிகையில் எங்கே போனாலும் "ஊர் என்ன சொல்கிறது" என்பதற்குக் காட்ட ஒரு அரசு ஆவணம் வேண்டும். மேலூர் பக்கம் டங்ஸ்டன் விவகாரத்தில் அதுதான் நடந்தது. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாக அறிவிப்பு வந்தது. சுமார் 5,000 ஏக்கர். அதற்குள் அரிட்டாபட்டியும் வந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட ஊர் அது. சமணப் படுகை, தமிழி எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை, சுனைகள், லகர் வல்லூறு எல்லாம் அந்த மலைகளில் இருக்கின்றன. அந்த மாதமே அடுத்தடுத்த ஊர்கள் கிராம சபையில் வேண்டாம் என்று எழுதின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் மக்கள் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் இதைச் செய்யவில்லை. ஆனால் அது இல்லாமல் அடுத்த படிக்கு ஏறியிருக்க முடியாது.

தீர்மானத்தை எப்படி எழுத வேண்டும்? யார் எழுதுவது?

இங்கேதான் நிறைய ஊர் கோட்டை விடுகிறது. கூட்டத்தில் எல்லாரும் கைதட்டுவார்கள். ஊராட்சிச் செயலர், "நேரமாச்சு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கலாம்" என்பார். தீர்மானப் புத்தகத்தில் வருகைக் கையெழுத்து இரண்டு பக்கம் நிறைந்திருக்கும், மேலே அரைப் பக்கம் வெற்றாக இருக்கும். மறுவாரம் நகல் வாங்கிப் பார்த்தால் தெருவிளக்கும் குடிநீர்த் தொட்டியும் இருக்கும், உங்கள் தீர்மானம் இருக்காது. அல்லது "அரசு பரிசீலிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று பல் பிடுங்கப்பட்டிருக்கும்.

வாசகத்தை நீங்களே முன்கூட்டித் தயார் செய்து கொண்டுபோங்கள். திட்டத்தின் பெயர், சர்வே எண்கள், பாதிக்கப்படும் நீர்நிலைகள், குடிநீர் ஆதாரம், காரணம், "அனுமதிக்கக் கூடாது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது" என்ற முடிவு. கூட்டத்தில் உரக்கப் படித்து, புத்தகத்தில் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, எழுதி முடித்த பிறகு கையெழுத்திடுங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுங்கள். மறுநாளே சான்றிட்ட நகலுக்கு மனு கொடுங்கள். கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் வரம்பு (கோரம்) மக்கள்தொகையைப் பொறுத்தது. ஆள் பற்றாமல் கூட்டம் செல்லாமல் போய்விடக் கூடாது, ஆகவே பெண்கள் வேலைக்குப் போகாத நேரமாகப் பாருங்கள்.

தலைவர் கூட்டத்தைக் கூட்ட மறுத்தால்? இப்போது தலைவரே இல்லையே?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை நடந்தாக வேண்டும். அதில் ஒன்று பக்கத்தில் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் சிறப்புக் கிராம சபை கேட்டு ஊராட்சிக்கு மனு கொடுங்கள், நகலை ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் என்ற பொறுப்பு அவருடையதுதான். பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லை என்பதால் கிராம சபை இல்லாமல் போய்விடாது. ஆனால் அரசுத் திட்டத்துக்கு எதிராக ஒரு அரசு அலுவலர் முன்னால் தீர்மானம் எழுத வைப்பதற்குக் கூடுதல் தெம்பு வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். போகலாமா, புறக்கணிக்கலாமா?

என் கருத்து: போக வேண்டும். புறக்கணிப்பு டிவியில் நன்றாக இருக்கும். ஆனால் இந்தக் கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு கிடையாது. நீங்கள் வராவிட்டாலும் நடந்ததாகக் கணக்கு, வந்த நாற்பது பேர் ஆதரித்ததாக எழுத்து.

2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவிப்பு தர வேண்டும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். ஆட்சியரோ அவருடைய நிலைக்கு அடுத்த அதிகாரியோ தலைமை வகிக்க வேண்டும். முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். இதில் ஏதாவது தவறியிருந்தால் கூட்டம் தொடங்கும் முன்பே மைக்கில் சொல்லிவிட்டு, எழுத்திலும் கொடுங்கள். பின்னால் பசுமைத் தீர்ப்பாயத்தில் அது பேசும்.

கூட்டம் பெரும்பாலும் எப்படி நடக்கும் என்றால்: காலை பத்தரைக்குக் கல்யாண மண்டபம். முன்வரிசை நாற்காலிகளில் ஒரு மணி நேரம் முன்பே வெள்ளைச் சட்டைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், யாருமே உங்கள் ஊர் இல்லை. வேன் மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும், சாப்பாட்டுப் பொட்டலமும் அங்கேதான். கம்பெனி ஆலோசகர் ஆங்கில ஸ்லைடு போட்டு நாற்பது நிமிஷம் தமிழில் பேசுவார். பேசுவதற்கு டோக்கன் என்பார்கள். ஆதரித்துப் பேசுகிறவர் பத்து நிமிஷம் பேசினாலும் மைக் வேலை செய்யும். உங்கள் ஊர் அம்மா கிணற்றுத் தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது "சுருக்கமாச் சொல்லுங்கம்மா" என்று குரல் வரும்.

அதற்குத் தயாராகப் போங்கள். முன்கூட்டியே போய் முன்வரிசையில் உட்காருங்கள். இருபது பேர் ஒரே விஷயத்தைக் கத்துவதைவிட இருபது பேர் இருபது விஷயம் சொல்லட்டும். அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆலோசகர்கள் பழைய அறிக்கையை வெட்டி ஒட்டுவது சகஜம். உங்கள் ஊரில் இல்லாத ஆறு, வளராத மரம், தப்பான தூரம் கிடைக்கும். "பக்கம் இத்தனையில் அருகில் நீர்நிலை இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் கண்மாய் 200 மீட்டரில் இருக்கிறது, இதோ வருவாய்த் துறை வரைபடம்" என்று ஒருவர் சொன்னால் அது பத்து முழக்கத்துக்குச் சமம். பேச வராதவர்கள் எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். முடிவில் கூட்டக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதைக் கேட்காமல் மண்டபத்தை விட்டு வெளியே வராதீர்கள். நீங்களும் தனியாக வீடியோ எடுத்துவையுங்கள்.

எல்லாத் திட்டத்துக்கும் இந்தக் கூட்டம் கிடையாது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு 2020 ஜனவரியில் கொண்டுவந்த திருத்தத்தால் கருத்துக்கேட்பு தேவையில்லாமல் போய்விட்டது.

நாங்கள் டெல்டாவில் இருக்கிறோம். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தானே, பயமில்லையே?

முழுசாக நம்பி உட்கார வேண்டாம். 2020-இல் வந்த அந்தச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களையும் காக்கிறது. திருச்சி, அரியலூர், கரூர் விடுபட்டன. தோல் பதனிடும் ஆலை, தாமிர உருக்காலை, புதிய எண்ணெய், மீத்தேன், ஷேல் எரிவாயுக் கிணறு போன்றவற்றுக்குத் தடை. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தவற்றைத் தொடாது. சாலை, குழாய், துறைமுகம் போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு.

ஆனாலும் பயன்பட்டிருக்கிறது. 2023-இல் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்றும் வந்தபோது, எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களில் ஒன்றிய அரசு அவற்றை நீக்கியது. இந்தச் சட்டமே வந்தது எப்படி என்பதை மறக்கக் கூடாது. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2017 பிப்ரவரியில் நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு ஒப்புதல் வந்ததும் ஊரே போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. அக்கம்பக்கத்து நல்லாண்டார்கொல்லையிலும் வடகாட்டிலும் பழைய எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள், யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது, போராடியவர்கள் சிறைக்குப் போனார்கள். இத்தனைக்கும் பிறகுதான் 2020 சட்டம்.

எங்களுக்குக் கல்குவாரிதான் பிரச்சினை. சின்ன விஷயம் என்று யாரும் கண்டுகொள்வதில்லை.

சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதிக ஊர்களைத் தொடுவது இதுதான். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது என்று சிறு கனிமச் சலுகை விதிகளில் இருக்கிறது. கிராம வரைபடத்தை வைத்துத் தூரத்தை அளந்து எழுதுங்கள். குத்தகை எல்லைக் கல் நட்டிருக்கிறதா, அனுமதித்த ஆழத்தைத் தாண்டிவிட்டதா, கிரஷருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு உண்டா என்று கேளுங்கள். வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் தேதியோடு படம் எடுத்துவையுங்கள், வெடி வைத்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தையும் சொல்ல வேண்டும். சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஒருவர் 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே லாரி மோதி இறந்தார். முதலில் விபத்து என்றார்கள், பிறகு கொலை வழக்கானது. ஆகவே புகார் ஒரே ஆள் பெயரில் போகக் கூடாது. பத்துப் பேர் கையெழுத்து, பத்து வீட்டு முகவரி. தனி வீரம் இந்த விவகாரத்தில் வேண்டாம்.

போலீஸ் வழக்குப் போடுவார்களா?

போடுவார்கள். பெரும்பாலும் அனுமதியின்றிக் கூடியது, வழிமறித்தது என்ற வகை. காலையில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவார்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கை நிற்கும். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் முயலும் பிள்ளைகளை மறியலுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். உண்ணாவிரதம், காத்திருப்பு எதுவானாலும் முன்கூட்டி எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பை வைத்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மோசமான பக்கமும் இருக்கிறது. 2023 நவம்பரில் செய்யாறு அருகே மேல்மா சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகளில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. ஊரெங்கும் எதிர்ப்பு வந்த பிறகு ஆறு பேர் மீது அரசு அதை விலக்கிக்கொண்டது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பில் 2018 மே 22 அன்று நடந்தது எல்லாருக்கும் தெரியும். 13 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

கோர்ட்டுக்குப் போனால் நின்றுவிடும் என்கிறாரே எங்கள் வக்கீல்?

தேதி தவறாமல் போனால் பயன் உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி தந்ததை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். காரணம் சொன்னால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம். 91-ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும், எவ்வளவு நல்ல வழக்காக இருந்தாலும் சரி. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வக்கீல் கட்டணம்தான் செலவு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஆகவே மனுதாரராக ஊர்ப் பெண்கள் சிலரைப் போட்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

கோர்ட்டை மட்டும் நம்பிப் பந்தலைப் பிரித்துவிடாதீர்கள். சேலம் சென்னை எட்டு வழிச் சாலைக்கான அறிவிக்கைகளை 2019 ஏப்ரல் 8 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 3ஏ அறிவிக்கைகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியதை மட்டும் திரும்பச் சரிசெய்யச் சொன்னது. அந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனையோ ஊர்க் குழுக்கள் கலைந்துபோயிருந்தன.

கட்சிக்காரர்களைச் சேர்க்கலாமா?

வரட்டும், பேசட்டும். மேடை ஊருடையதாக இருக்கட்டும். கொடி, துண்டு, கட்சிப் பெயர் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது பந்தலில் உட்கார்ந்தவர்கள் ஆளுங்கட்சியானதும் அதே திட்டத்துக்கு விளக்கம் சொல்லும் காட்சியை இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று. அவர்கள் ஆதரவைக் கடிதமாக வாங்கிவைத்துக்கொள்வது உத்தமம்.

பக்கத்து வீட்டுக்காரர் பணம் வாங்கிவிட்டார். நான் மட்டும் தனியாக நிற்பதா?

இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். கடன் இருக்கும், பெண் கல்யாணம் இருக்கும், வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பிக்கு நிலம் மேல் பிடிப்பு இருக்காது. வாங்கியவரைத் துரோகி என்று ஒதுக்கிவைத்த ஊர்களில் அந்த ஆள் மறுநாளே கம்பெனிக்குச் சாட்சியாகிவிடுகிறார். கோயில் திருவிழாவில் வரி வாங்காமல் விடுவது, டீக்கடையில் பேசாமல் விடுவது எல்லாம் அவரைக் கட்டாயம் அந்தப் பக்கம் தள்ளும்.

வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2013 சட்டப்படி இழப்பீட்டை "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு வாங்கினால், தொகை போதாது என்று மேலே கேட்கும் உரிமை போகாது. அந்த வார்த்தை இல்லாமல் வாங்கினால் அந்த உரிமை போய்விடும். தாளை நீட்டுகிற அலுவலர் இதை எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

"வளர்ச்சிக்கு எதிரி" என்கிறார்களே, என்ன சொல்வது?

கோபப்படாமல் கணக்குக் கேளுங்கள். எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, என்ன படிப்புக்கு, எத்தனை பேர் ஒப்பந்தக் கூலி, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எங்கிருந்து எடுப்பார்கள், கழிவு எங்கே போகும். கேரளத்தின் பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தபோதும் வேலை என்றுதான் சொன்னார்கள். கிணறுகள் கெட்டதும் ஆதிவாசிப் பெண்கள் 2002-இல் வாசலில் உட்கார்ந்தார்கள். பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

எல்லாத் திட்டத்தையும் எதிர்க்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஊருக்குள் பேருந்து நிலையமோ, துணை மின் நிலையமோ வருவதை ஒரு தெருவின் சௌகரியத்துக்காக எதிர்த்துவிட்டு அதையும் மக்கள் போராட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. காலனிப் பக்கம் தள்ளிவிட்டால் போதும் என்று குப்பைக் கிடங்கை எதிர்ப்பவர்களும் உண்டு. அந்த மாதிரிக் கூட்டத்துக்கு இந்தப் பதில்களைப் பயன்படுத்தினால் எனக்குச் சந்தோஷம் இருக்காது.

திட்டத்தைக் கைவிட்டதாக அமைச்சர் சொல்லிவிட்டார். பந்தலைப் பிரிக்கலாமா?

அமைச்சர் பேட்டி ஆணை ஆகாது. ரத்து செய்த அரசாணையின் அல்லது அறிவிக்கையின் நகலை வாங்குங்கள். உங்கள் சர்வே எண்கள் முழுவதும் அதில் இருக்கிறதா, "மறுபரிசீலனை" என்றிருக்கிறதா, "ரத்து" என்றிருக்கிறதா என்று பாருங்கள். நிலம் எடுக்கும் அறிவிக்கை வந்திருந்தால் வில்லங்கச் சான்றில் அந்தப் பதிவு நீங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது நீங்காமல் வங்கிக் கடனும் கிடைக்காது, பத்திரமும் போட முடியாது. தீர்மான நகல், மனு ஒப்புகை, வரைபடம், வீடியோ எல்லாவற்றையும் இரண்டு பிரதியாக்கி இரண்டு வீட்டில் வையுங்கள். ஊரில் ஒருவர் பரிவேஷ் தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று சொன்னேனே, அவரை அந்த வேலையிலிருந்து விடுவிக்க வேண்டாம்.